வெள்ளை டை கட்டிய நான்கு பேர்

கேக் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. ஆணி அடிக்கும் சடங்குக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருந்தது.

மரபணுத் துறையின் சமையலறையில் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹில்லெவி, கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்தாள். ஐம்பத்து நான்கு வயதில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்திருப்பவள் அவள். வடக்கு சுவீடனின் அந்தக் கடற்கரை நகரத்துப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கூடத்தில் ஒரு பழைய பைன் மரக்கட்டை நிற்கிறது. மூன்று மணிக்கு அவள் தன் ஆய்வேட்டின் மூலையில் துளையிட்டு, தன் கையாலேயே ஆணி அடித்து, அந்தக் கட்டையில் மாட்ட வேண்டும். அன்றிலிருந்து மூன்று வாரம் அது அங்கே தொங்கும். போகிறவர் வருகிறவர் யாரும் எடுத்துப் புரட்டலாம். குறை கண்டவர் வாய் திறந்து சொல்லலாம். அதன் பிறகுதான் வாய்மொழித் தேர்வு. இன்று ஆணி இறங்காவிட்டால் தேர்வு இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போகும். அவளுடைய பணியிடமோ ஜூன் முப்பதாம் தேதியோடு முடிகிறது.

ஆய்வேட்டின் அட்டைப்படத்தைச் சர்க்கரைத் தாளில் அச்சிட்டுக் கேக்கின் மேல் ஒட்டுவது துறையின் வழக்கம். ஹில்லெவியின் அட்டையில் இருந்தவை கைகள் மட்டுமே. சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, இரத்தம் கொடுப்பதற்காக வரிசையாக நீட்டிய கைகள். மாதிரி கொடுத்தவர்களின் முகம் வெளியே தெரியக் கூடாது என்பது ஆய்வு நெறிக்குழுவின் விதி. ஆகையால் புகைப்படக்காரர் கைகளை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் வெட்டிவிட்டே படத்தை அவளுக்கு அனுப்பியிருந்தார். தோர்செலே என்னும் உள்நாட்டுச் சிற்றூரின் கைகள் அவை. எழுதி எழுதிச் சோர்ந்துபோன நாள்களில் அவள் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பேக்கரிக்காரருக்கு அட்டைப்படம் போதவில்லை. தெளிவான பெரிய படம் வேண்டுமென்று புகைப்படக்காரரையே நேரடியாகக் கேட்டிருக்கிறார். அவரும் யோசிக்காமல் மூலப்படத்தை அனுப்பிவிட்டார். கேக்கின் மேல் இப்போது கைகளும் இருந்தன, தோள்களும் இருந்தன, கழுத்துகளும் முகங்களும் இருந்தன. எல்லோரும் கறுப்பு உடை அணிந்திருந்தார்கள். வரிசையின் நடுவில் நின்ற நான்கு ஆண்களின் கழுத்தில் வெள்ளை டை தொங்கியது.

ஹில்லெவி மூடியைப் பிடித்தபடியே நின்றாள். அந்த நாட்டில் கறுப்புக் கோட்டின் மேல் வெள்ளை டை கட்டுவது பெற்றவரையோ, மனைவியையோ, பிள்ளையையோ, உடன்பிறந்தவரையோ அடக்கம் செய்யும் நாளில்தான். தூரத்து உறவினரும் நண்பர்களும் அன்று கறுப்பு டையோடு நின்றுகொள்வார்கள். அவளுடைய தகப்பனாரை அடக்கம் செய்தபோது அவளுடைய அண்ணன் கட்டியிருந்ததும் அப்படிப்பட்ட ஒரு வெள்ளை டைதான்.

"கடவுளே," என்றாள். "இது அடக்கக் கூட்டம்."

அவளுடைய ஆய்வு இதுதான்: வடக்குப் பகுதிகளைச் சேர்ந்த ஆயிரத்து நூறு பேரின் மரபணுக்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, எவர் எவரோடு அதிகம் பகிர்ந்துகொள்கிறார் என்று கணக்கிட வேண்டும். கணினி அவர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துத் தரும். கணினிக்கு வரலாறு தெரியாது, ஊர் தெரியாது. கொத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியது மனிதர். பதினொரு கொத்துகளில் ஏழாவது, தோர்செலேக் கொத்து. முப்பத்து நான்கு பேர். ஆற்றின் அக்கரையில் வாழ்பவர்கள்கூட அதில் சேரவில்லை. இவ்வளவு இறுக்கமான கொத்து வேறெங்கும் கிடைக்கவில்லை. நானூறு ஆண்டுகளாக எவரோடும் கலவாமல் நின்ற ஒரு பழைய குடியேற்றத்தின் எச்சம் இது என்று ஹில்லெவி நான்காம் இயலில் பொருள் சொன்னாள். அந்த இயல்தான் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. வட்டார வானொலி அவளை அழைத்தது. தோர்செலேக்காரர்கள் ஊர் எல்லையில் "நானூறு ஆண்டு, ஒரே மக்கள்" என்று பலகையே நட்டுவிட்டார்கள். அவ்வூரைச் சேர்ந்த ஹெல்மெர் என்பவர், இன்றைய காபியோடு பரிமாறுவதற்காகச் சதுப்புநிலத்து மஞ்சள் பெர்ரியில் காய்ச்சிய ஜாம் ஒரு பெரிய புட்டி அனுப்பியிருந்தார். அந்தப் புட்டி கேக்கின் பக்கத்தில்தான் இருந்தது.

ஹில்லெவி தொலைபேசியை எடுத்து, தோர்செலேயில் இரத்தம் எடுத்த ஓய்வுபெற்ற செவிலி கெர்ட்-இங்கேரை அழைத்தாள்.

"கெர்ட்-இங்கேர், மூணு வருஷத்துக்கு முன்னாடி நீ தோர்செலேயில இரத்தம் எடுத்த அந்தச் சனிக்கிழமை, அங்க அடக்கம் ஏதாவது நடந்துச்சா?"

"நடந்துச்சாவா? தெக்லா கிழவியோட அடக்கம்டி! நூத்தி ரெண்டு வயசு. காலையிலேர்ந்து வேனுக்குள்ள ஊசியெல்லாம் அடுக்கி வச்சிட்டுக் குளிருல உக்காந்திருக்கேன், ஒரு ஈ காக்கா வரல. வந்தது ரெண்டே பேரு. அதுல ஒருத்தன் கழிப்பறை எங்கன்னு கேக்க வந்தவன். அப்புறம் பாத்தா சர்ச்சுலேர்ந்து கூட்டம் கூட்டமா இறங்கி வர்றாங்க. பக்கத்துக் கூடத்துலதான் அடக்கம் முடிஞ்சு குடுக்கற காபி விருந்து."

"நீ போய்க் கேட்டியா?"

"பின்ன? அறிவியலுக்கு ஆளுக்கொரு குழாய் குடுங்கன்னு கேட்டேன். தெக்லாவோட மூத்த மகன் ஹெல்மெர் எழுந்து நின்னு, 'அம்மா இருந்திருந்தா முதல் ஆளா கை நீட்டியிருப்பா'ன்னு சொன்னான் பாரு, அவ்வளவுதான், வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு. அழுதுகிட்டே குடுத்தாங்கடி. எனக்கு இறால் வச்ச ரொட்டி அடுக்குல ரெண்டு துண்டு குடுத்தாங்க."

"வந்தவங்க எல்லாருமே சொந்தக்காரங்களா?"

"அழைப்பு இல்லாம அடக்கக் காபிக்கு வேற யாரு வருவா? தெக்லாவோட தாத்தா பாட்டிக்குப் பதிமூணு பிள்ளைங்களாம். அந்தப் பதிமூணு கிளையிலேர்ந்தும் ஆள் வந்திருக்குன்னு பாதிரியார் பெருமையா எண்ணிக் காட்டினாரு."

ஹில்லெவி சுவரில் சாய்ந்தாள். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே. தாத்தா பாட்டி எங்க பொறந்தாங்கன்னு இருந்துச்சு, அத எல்லாரும் ஒழுங்கா எழுதினாங்க. சொந்தக்காரங்க யாராவது இதுக்கு முன்னாடி இரத்தம் குடுத்திருக்காங்களான்னு இருந்துச்சு. இல்லன்னு எழுதினாங்க. முன்னாடி யாரும் குடுக்கலியே! நீயும்தான் போன்ல குதிச்ச. 'அறுபத்தோரு பேரா, உன்னக் கட்டிப் பிடிக்கணும்'னு சொன்ன." கெர்ட்-இங்கேரின் குரல் சற்றே இறங்கியது. "ஏண்டி, ஏதாவது தப்பாயிடுச்சா? மூணு மணிக்கு நான் வரணுமா வேண்டாமா? புதுச் சட்டை போட்டிருக்கேன்."

"வா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹில்லெவி தொலைபேசியை வைத்தாள்.

அவள் அறைக்கு ஓடினாள். அறுபத்தோரு பேரில் உடன்பிறந்தவர், மாமன், சிற்றப்பன், அத்தை மக்கள் ஆகியோரைச் சல்லடை போட்டு நீக்கியது உண்மை. ஆனால் அந்தச் சல்லடை நெருங்கிய உறவைப் பிடிக்குமே தவிர, கொள்ளுப்பாட்டனார் வழியில் ஒன்றுபடும் உறவைப் பிடிக்காது. சல்லடையைத் தாண்டி வந்த முப்பத்து நான்கு பேரும் அத்தகைய உறவினரே என்றால், ஏழாவது கொத்து ஒரு மக்கள் அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பதின்மூன்று பிள்ளைகள் பெற்ற ஒரே தம்பதியின் குடும்பம். அதைச் சோதிக்க வழியும் இருந்தது. பொதுவான மரபணுத் துண்டுகள் நானூறு ஆண்டுப் பழமையுடையவை எனில் தலைமுறைதோறும் வெட்டுண்டு தேய்ந்து குட்டையாகியிருக்கும். அண்மைக் காலத்தவை எனில் நீளமாக நிற்கும்.

கணினியைத் திறந்து தேடத் தொடங்கியவளின் விரல்கள் பாதியில் நின்றன. தேட வேண்டிய அவசியமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தது. மார்ச் மாதத்தில் அவளே அந்த நீளங்களை அளந்திருந்தாள். துண்டுகள் அளவுக்கு மிஞ்சி நீண்டிருப்பதைக் கண்டாள். பிறகு, "சிற்றூர் என்பதால் இவ்வாறு இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கோப்புக்கு "பிறகு பார்க்க" என்று பெயரிட்டு மூடிவிட்டாள். பிறகு அவள் பார்க்கவேயில்லை.

கெர்ட்-இங்கேரையோ பேக்கரிக்காரரையோ குற்றம் சொல்லித் தப்ப இனி வழியில்லை. ஹில்லெவி கழிப்பறைக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சன்னல் வழியே பார்த்தாள். ஆற்றில் பனிக்கட்டி முழுவதும் போய்விட்டிருந்தது. இந்தக் கணம் மாடிப்படியில் இறங்கி, மிதிவண்டியை எடுத்து, எவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணினாள். எவரும் சாகப்போவதில்லை. அவள் மட்டும், இருபத்திரண்டு ஆண்டு மருத்துவமனை ஆய்வகத்தில் குழாய் அடுக்கியவளாக, வேலையை உதறிவிட்டுப் படிக்கப் போனவளாக, படிப்பையும் முடிக்காமல் திரும்பியவளாக, எஞ்சிய காலமெல்லாம் இருப்பாள்.

அவள் சமையலறைக்குத் திரும்பியபோது அவளுடைய ஆய்வு நெறியாளர் எபே, மிதிவண்டித் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஜாம் புட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹில்லெவியைவிடப் பதினாறு வயது இளையவன். துறையிலேயே வேகமாகப் பேராசிரியரானவன்.

"ஹில்லெவி! மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி இருக்கு? ஆணி அடிக்கிற அன்னிக்கு எல்லாருக்கும்தான் வயித்தக் கலக்கும். நான் என் ஆணிய அடிக்கிறப்ப, சுத்தியல் நழுவித் துறைத்தலைவர் கால்ல விழுந்துச்சு. அதுக்கப்புறம் அவரு என்னை மறக்கவே இல்ல."

ஹில்லெவி கேக்கைச் சுட்டிக் காட்டினாள். எபே குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"வெள்ளை டை," என்றான்.

"நாலு. ஹெல்மெரும் தம்பிங்களும். தம்பிங்க மூணு பேரும் சல்லடையில போயிட்டாங்க. ஹெல்மெர் மட்டும் கொத்துல இருக்கான். மத்த முப்பத்து மூணு பேரும் அவன் அம்மா அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரங்க."

"எல்லாக் கொத்தும் சொந்தந்தான், ஹில்லெவி. இந்த வடக்கு முழுக்கவே ஒருத்தருக்கொருத்தர் சொந்தந்தான். அளவுதான் வேற."

"அந்த அளவுதானே என்னோட நாலாவது இயல்! நானூறு வருஷம்னு எழுதியிருக்கேன், எபே. அது ஒரு தாத்தா பாட்டி. ஊர்ல பலகையே நட்டுட்டாங்க."

"பலகை நடச் சொன்னது நாம இல்ல."

"மார்ச்சுல நீளத்த அளந்தேன். எனக்கு அப்பவே தெரியும்."

எபே தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். சமையலறைக் கதவைச் சாத்தினான். "இத எங்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"அப்ப இப்பவும் சொல்லல. சரியா? நீ போய் ஆணிய அடி. தேர்வுல கேள்வி கேக்கற எதிர்வாதி தார்த்துப் பல்கலைக்கழகத்துலேர்ந்து விமானம் ஏறி வர்றாங்க. அவங்க கேட்டா, மாதிரி எடுத்த விதத்துல குறை இருக்கலாம்னு பதில் சொல்லு. கேக்கலன்னா விட்டுடு. பட்டம் வந்தப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஒரு திருத்தக் கட்டுரை போடுவோம். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"நீ அடுத்த அஞ்சு வருஷ ஆய்வுக்கு எழுதின விண்ணப்பம்..."

"ஆமா. ஏழாவது கொத்து மேலதான் நிக்குது," என்றான் எபே. அப்போதுதான் அவனும் பயப்படுகிறான் என்பதை ஹில்லெவி கண்டுகொண்டாள். "நாலு பேரு சம்பளம் அதுல இருக்கு. என்னையும் சேத்து. நீ நேர்மையா இருக்கறதுக்கு நாங்க நாலு பேரும் வீட்டுக்குப் போகணுமா?"



எபே இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்தான். "எப்படியும் முகம் வெளிய தெரியக் கூடாதுன்னு நெறிக்குழு விதி இருக்கு. அதனால மேல் பாதிய இப்பவே வெட்டிடறேன்." முகங்களும் டைகளும் இருந்த பக்கத்தை நீளமாக அறுத்து, துண்டு போட்டு, தட்டில் வைத்து, நின்றபடியே தின்னத் தொடங்கினான். பாலேட்டை விழுங்கும்போது அவனுக்குக் கண் கலங்கியது. "நீயும் ஒன்னு எடு. சிரிக்கவாவது செய். இது பாக்க எவ்வளவு கேவலமா இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

ஹில்லெவி அங்கிருந்து வெளியேறினாள். மணி இரண்டு இருபத்தைந்து.

தன் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கிடையே இறுக்கிக்கொண்டாள். யோசனை எதுவும் ஓடவில்லை. மருத்துவமனை ஆய்வகத்தின் சுவரில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் படிவம்தான் நினைவில் வந்து நின்றது. குழாய் மாறிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தாலே போதும், அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்; உரிய வார்டைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குழாயை மாற்றியது யார் என்று முதலில் எவரும் கேட்கமாட்டார்கள். அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே கூப்பிட்டு, "அந்த இரத்த வகையை நம்பாதீங்க, தப்பு என்னோடது" என்று அவள் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் மறுமுனையில் திட்டினார்கள். இரண்டு நோயாளிகளும் பிழைத்துக்கொண்டார்கள். அங்கே அது வீரமாகக் கருதப்படவில்லை. வேலையில் அதுவும் ஒன்று, அவ்வளவே. இங்கே மட்டும் அதைச் செய்யக் கை எழவில்லை. இங்கே மாறிப்போன குழாய் அவளுடைய வாழ்க்கை.

இரண்டு நாற்பதுக்கு அவள் தட்டெழுதத் தொடங்கினாள். வேறு நடை வராததால் பழைய படிவத்தின் நடையிலேயே எழுதினாள்.

"மாதிரி ஐயத்திற்குரியது. இயல் நான்கு, கொத்து ஏழு. மாதிரிகள் ஓர் அடக்க நிகழ்ச்சியில், ஒரே குடும்பத்தின் கிளைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. துண்டு நீளங்கள் அதை உறுதிசெய்கின்றன; ஆசிரியர் மார்ச் மாதத்திலேயே அவற்றைக் கண்டும் வெளியிடவில்லை. முடிவைப் பயன்படுத்த வேண்டாம். ஏனைய பத்துக் கொத்துகளும் மாதிரி எடுத்த விதம் குறித்து மறுபடி சோதிக்கப்பட வேண்டும். தெரிவிப்பவர்: ஹில்லெவி." ஏனைய கொத்துகளைப் பற்றிய வாக்கியத்தை மூன்று முறை அழித்தாள், மூன்று முறை திரும்ப எழுதினாள். அச்சிட்டுக் கையெழுத்திட்டாள்.

முதன்மைக் கூடத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். கெர்ட்-இங்கேர் நீலப் புதுச் சட்டையில் முன்வரிசையில் நின்று கையசைத்தாள். கட்டடத்தைப் பராமரிக்கும் ரூனே, சுத்தியலையும் ஒற்றை ஆணியையும் தட்டில் ஏந்தியபடி கட்டையின் அருகே காத்திருந்தான்.

"விரல் மேல அடிச்சுக்காத," என்றான் ரூனே. "போன வாரம் ஒரு தத்துவக்காரன் அடிச்சுக்கிட்டான். வலின்னா என்னன்னு ஆறு வருஷம் எழுதினவன், ஒரே அடியில ஊரக் கூட்டிட்டான்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஹில்லெவி ஆய்வேட்டைக் கட்டையின்மேல் வைத்தாள். அதன்மேல் அந்தத் தாளை வைத்தாள். கைகள் இருந்த அட்டை முழுவதும் மறைந்துபோயிற்று.

"ரெண்டு இருக்கே?" என்றான் ரூனே. "ஒரு ஆய்வேட்டுக்கு ஒரு ஆணிதான் குடுப்பேன்."

"ஒரே ஆணி போதும்."

எபே பின்னாலிருந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகப் படித்தான். அவனுடைய மூச்சில் பாலேட்டின் இனிப்பு வீசியது. "ஹில்லெவி, இத மாட்டினா தேர்வுக்குழு தேர்வையே நிறுத்திடும்," என்றான், மற்றவர்க்குக் கேட்காத குரலில்.

"தெரியும்."

"உனக்கு இலையுதிர்காலம் கிடையாது. ஜூனோட முடிஞ்சுது."

"அதுவும் தெரியும், எபே. எனக்குப் பயமா இருக்கு. தள்ளி நில்லு, இல்லன்னா அடிக்க மாட்டேன்."

அவன் தள்ளி நின்றான். முதல் அடியில் ஆணி வளைந்தது. ரூனே அதைப் பிடுங்கி, தரையில் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தான். இரண்டாவது தடவை அவள் ஐந்து அடி அடித்தாள். தாளையும் அட்டையையும் நூற்றெழுபது பக்கங்களையும் ஊடுருவி ஆணி கட்டையில் இறங்கி நின்றது.

வழக்கமாக அப்போது கைதட்டுவார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் பலர் தாளை ஏற்கெனவே படித்துவிட்டிருந்ததால் எவரும் தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ விவரம் தெரியாமல் இரண்டு முறை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். கெர்ட்-இங்கேர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்தாள். "அடக்க நிகழ்ச்சி" என்ற இடத்தில் அவளுடைய உதடுகள் நின்றுவிட்டன. "நான் ஒழுங்காத்தான் எடுத்தேன்," என்றாள் எவரையும் பார்க்காமல். "ஒவ்வொரு குழாய் மேலயும் பேரு எழுதியிருந்தேன்."

"ஒழுங்காத்தான் எடுத்த, கெர்ட்-இங்கேர். பொருள் சொன்னதுதான் தப்பு. அது நான்."

எல்லோரும் காபிக்கு மாடி ஏறினார்கள். அல்லது ஏறுவதுபோல் வேறு வழிகளில் கலைந்தார்கள். எபே முதல் ஆளாகப் போய்விட்டான். ஹில்லெவி கட்டையின் அருகிலேயே நின்றாள். இன்னும் மூன்று வாரம் இந்தத் தாள் இங்கே தொங்கும். இனி அதை எடுக்க அவளுக்கே உரிமையில்லை.

தொலைபேசி அடித்தது. தோர்செலே எண். அதை அடிக்கவிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது, மறுபடியும் அடித்தது. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"மூணு மணி தாண்டிடுச்சே! அடிச்சாச்சா?" ஹெல்மெரின் குரல் கூடமெங்கும் கேட்கும் அளவுக்கு உரத்திருந்தது. பின்னணியில் ஆள்கள் பேசிக்கொள்ளும் ஓசை. அவரைச் சுற்றி உறவினர் கூடியிருந்தார்கள் போலும். "தம்பிங்களும் இங்கதான் இருக்காங்க. போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பேசு, பேசு!"

"அடிச்சாச்சு, ஹெல்மெர்."

மறுமுனையில் கைதட்டல் எழுந்தது. அது ஓயும்வரை ஹில்லெவி கண்களை மூடிக்கொண்டாள்.

"எங்க ஜாம் எப்படி இருக்கு? எல்லாரும் சாப்பிட்டாங்களா?"

"இன்னும் திறக்கல," என்றாள் ஹில்லெவி. மருத்துவமனை ஆய்வகத்தில் நின்றதுபோல் நிமிர்ந்து நின்றுகொண்டாள். "ஹெல்மெர், ஸ்பீக்கர அணைச்சிட்டு ஒரு நிமிஷம் வெளிய வா. உன் அம்மா அடக்கத்தப் பத்தி நான் ஒன்னு சொல்லணும். தப்பு என்னோடது."

மறுமுனையில் கதவு ஒன்று திறந்து மூடும் ஓசை கேட்டது. பிறகு, காற்று.

"சொல்லு," என்றார் ஹெல்மெர்.